மலைப்பாதையும் மடக்குக் கூரை வண்டியும்

மழையும் மூடுபனியும் மாறி மாறி வரும் தலவாக்கலையிலே, கூரையை மடக்கிவிட்டுச் செல்லும் பழைய மோட்டார் வண்டி ஒன்றை வைத்திருப்பவரை அறிவுடையார் என்று சொல்லலாமா? கேள்வி நியாயமானதே. அவ்வண்டியில் இருவருக்கு மேல் அமர இடமில்லை. பெட்டி படுக்கை வைக்க வசதியில்லை. கண்ணாடிச் சாளரத்துக்குப் பதிலாகத் துணித்திரையே தொங்கும். வேகத்திலோ, இன்றைய சாதாரணக் குடும்ப வண்டி ஒன்று ஏற்றத்தில் அதனை எளிதாக முந்திவிடும். இத்தனை குறைகளையும் அறிந்தே சிலர் அதனை விரும்பி வாங்குகின்றனர். வாங்கிய பின் விற்க மனமின்றி ஆண்டுக்கணக்காகப் பேணுகின்றனர். அவ்வின்பம் எத்தகையது, எதனால் விளைவது, அதற்கு என்ன விலை கொடுக்க வேண்டியிருக்கிறது என்பவற்றை ஆராய்வது பயனுடையதாகும்.

‘ஸ்போட்ஸ் கார்’ என்று உலகம் வழங்கும் வண்டி, பந்தயத் திடலுக்கென்றே செய்யப்பட்ட வண்டி அன்று. அன்றாடப் பாதையிலே ஓட்டத் தக்கதாய், ஆயினும் ஓட்டுதலே ஓர் இன்பமாகும்படி எளிமையாகவும் இலேசாகவும் அமைக்கப்பட்ட சிறு வண்டி அது. இவ்வகைக்கு உலகெங்கும் பெயர் தேடிக் கொடுத்த நிறுவனங்களுள் முதன்மையானது இங்கிலாந்தின் எம்.ஜீ. நிறுவனம். ஒக்ஸ்போட் நகரில் ‘மொரிஸ் கராஜஸ்’ என்னும் விற்பனை நிலையத்தின் முகாமையாளராயிருந்த செசில் கிம்பர், சாதாரண மொரிஸ் வண்டிகளின் அடிச்சட்டத்தின் மேல் அழகிய இலேசான உடலைப் பொருத்தி விற்கத் தொடங்கினார். அந்நிலையத்தின் முதலெழுத்துகளே எம்.ஜீ. என்ற பெயராயின. 1929 முதல் 1980 வரை அபிங்டன் என்னும் ஊரிலிருந்த ஆலையில் இவ்வண்டிகள் உருவாயின. அங்கே 1945 முதல் 1949 வரை செய்யப்பட்ட ‘ரீ.சீ. மிட்ஜெற்’ வகையின் தொகை பத்தாயிரம். அதன் எஞ்சின் 1250 கன சென்டிமீற்றர். ஆற்றல் ஏறக்குறைய 54 குதிரைவலு. வண்டியின் நிறை ஏறக்குறைய 800 கிலோகிராம். போரினால் கடன்பட்டிருந்த பிரித்தானியா, பொருளை ஏற்றுமதி செய்யும் ஆலைகளுக்கே உருக்கை முதலில் வழங்கிற்று. ஆதலால் இச்சிறு வண்டிகள் கடல் கடந்து பல நாடுகளை அடைந்தன. 1953இல் டிரயம்ப் ரீ.ஆர்.2, 1958இல் ஒஸ்டின்-ஹீலி ஸ்பிறைற், 1962இல் எம்.ஜீ.பீ., அதே ஆண்டில் டிரயம்ப் ஸ்பிட்பயர் என்று இவ்வினம் பெருகிற்று. 1948இல் வெளிவந்த மொரிஸ் மைனரின் மடக்குக் கூரை வகையையும் இக்குடும்பத்தின் அடக்கமான உறவினர் எனக் கொள்ளலாம்.

இத்தகைய வண்டி மலைநாட்டுக்கு வந்த கதை தேயிலையின் கதையோடு பின்னியது. 1885இல் புகையிரதம் நானுஓயாவை எட்டிற்று. ஆயினும் நிலையத்திலிருந்து தோட்டத்துக்கும் தோட்டத்திலிருந்து மற்றொரு தோட்டத்துக்கும் செல்வதற்குப் பாதைகளே வேண்டியிருந்தன. மலையின் விலாவை வெட்டி, கல்லுடைத்து, மதகு கட்டி அப்பாதைகளை அமைத்தவருள் தென்னிந்தியாவிலிருந்து வந்த தமிழ்த் தொழிலாளர் பெருந்தொகையினர். அப்பாதைகளிலே வண்டியோட்டி மகிழ்ந்தவர்கள் பிரித்தானியத் தோட்டத்துரைமார். 1934இல் நுவரெலியாவின் மஹகஸ்தொட்டத் தேயிலைத் தோட்டப் பாதையிலே மலையேற்றப் போட்டி ஒன்று தொடங்கிற்று. இப்போட்டியில் வண்டிகள் ஒன்றையொன்று துரத்துவதில்லை. ஒவ்வொன்றாக ஏறும், எதிரி கடிகாரம் ஒன்றே. பின்னர், தலவாக்கலைக்கும் நானுஓயாவுக்கும் இடையிலுள்ள ரதெல்லவிலும் இத்தகைய போட்டிகள் நடைபெற்றன. தோட்டப் பாதையிலே துரையின் வண்டி வருங்கால் தொழிலாளர் ஓரமாக ஒதுங்கி நிற்பது அக்கால வழக்கம். வண்டியைக் கழுவியவரும், சக்கரம் மாற்றியவரும், சேற்றிலே புதைந்தால் தோள் கொடுத்துத் தள்ளியவரும் அவர்களே. இன்று அவ்வண்டியின் இன்பத்தைப் பேசும்போது இவ்வரலாற்றையும் உடன் நினைத்தல் வேண்டும்.

துரைமார் நாடு திரும்பினர். வண்டிகளுட் சில இங்கேயே தங்கின. அவை அழியாமல் நின்றதற்குக் காரணம் நாட்டின் பொருளாதார நெருக்கடியே என்பது வியப்புக்குரியது. 1960களின் தொடக்கத்திலே அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டினால் மோட்டார் வண்டி இறக்குமதி மிகவும் கட்டுப்படுத்தப்பட்டது. 1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்படும் வரை புதிய வண்டி என்பது பெரும்பாலோர்க்கு எட்டாக் கனியாயிருந்தது. பிற நாடுகளிலே பத்தாண்டில் பழைய இரும்புக் கடைக்குப் போயிருக்கக் கூடிய வண்டி, இங்கே முப்பது, நாற்பது ஆண்டுகள் ஓடவேண்டியதாயிற்று. உதிரிப்பாகம் வராத இடத்தில் அதனைக் கடைந்தெடுக்கும் கைத்திறன் வளர்ந்தது. 1990களில், மொரிஸ் மைனரின் உடற்பாகங்களை இலங்கையிலேயே செய்து, அது பிறந்த இங்கிலாந்துக்கே அனுப்பும் அளவுக்கு அத்திறன் முதிர்ந்திருந்தது. வறுமை கற்பித்த பாடம் வாணிபமாக மாறிய அரிய நிகழ்ச்சி இது.

இனி, இவ்வண்டி தரும் இன்பங்களை முறையே நோக்குவோம். முதலாவது, வெளியுலகோடு கலந்து செல்லும் இன்பம். ஹற்றனிலிருந்து கொட்டகலை வழியாகத் தலவாக்கலைக்கு வரும் பாதையிலே 97 மீற்றர் உயரமான டெவன் நீர்வீழ்ச்சி தோன்றும். சிறிது தூரத்தில் சென் கிளயர் நீர்வீழ்ச்சி தோன்றும். 2012இல் இயங்கத் தொடங்கிய மேல் கொத்மலை நீர்மின் திட்டத்தின் பின் சென் கிளயரின் நீரோட்டம் மட்டுப்பட்டுவிட்டது. எனினும் அப்பள்ளத்தாக்கின் எழில் குன்றவில்லை. மூடிய வண்டியிலே செல்வோர் இவற்றைக் கண்ணாடி வழியே படம் பார்ப்பது போலப் பார்த்துச் செல்வர். திறந்த வண்டியிலோ பள்ளத்தாக்கின் ஈரக்காற்று முகத்திலே படும். வளைவொன்றைத் திரும்பியதும் தேயிலை ஆலையிலே கொழுந்து வாடும் பச்சை மணம் வரும். அடுத்த வளைவில் யூக்கலிப்ரஸ் மரங்களின் காரமணம் வரும். மலையிலே கொழுந்தெடுக்கும் பெண்கள் தமக்குள் பேசுவது காதில் விழும். அவர்கள் கேலியாகச் சொல்லும் சொல்லும் விழும். ஓட்டுபவருக்கும் ஊராருக்குமிடையே தடுப்பு இல்லை. நின்று பேசாமல் கடந்துபோவது அத்தகைய வண்டியில் கடினம். ஒருகால் ஒதுங்கி நின்றோரின் பேரப்பிள்ளைகள் இன்று அருகே வந்து, “இது எந்த வருடத்து வண்டி?” என்று கேட்கின்றனர், மூடியைத் திறந்து எஞ்சினைக் காட்டச் சொல்கின்றனர்.

இரண்டாவது, ஓட்டுதலின் இன்பம். இருக்கை நிலத்துக்கு மிக அண்மையில் இருப்பதால் மணிக்கு 40 கிலோமீற்றர் வேகமே பெருவேகமாகத் தோன்றும். ஆபத்தை நாடாமலே விரைவின் மகிழ்ச்சியை நுகரலாம். வளைவுகள் நிறைந்த மலைப்பாதையில் அதற்கு மேற்பட்ட வேகம் எவ்வண்டிக்கும் தேவையும் இல்லை. பழைய வண்டிகளின் முதற்கியரிலே பற்சக்கரங்களை இணக்கும் பொறி கிடையாது. ஆகவே ஓடும்போது முதற்கியருக்கு இறங்க வேண்டுமாயின், கிளச்சை அழுத்தி, கியரை நடுநிலைக்குக் கொணர்ந்து, கிளச்சை விட்டு, எஞ்சினைச் சற்று விரைவுபடுத்தி, மீண்டும் கிளச்சை அழுத்திக் கியரைப் போடவேண்டும். சொல்லும்போது நீண்டதாகத் தோன்றும் இச்செயல் பழகியபின் ஒரு நொடியில் நிகழும். தாளம் தவறினால் பற்சக்கரம் முறையிடும். தாளம் சேர்ந்தால் ஓசையின்றி அமரும். ஒவ்வொரு வளைவும் ஓட்டுபவரின் கைத்திறனுக்கு ஒரு சிறு தேர்வு.

இறக்கத்திலே தேர்வு இன்னும் கடுமை. அவ்வண்டிகளின் பிரேக் பெரும்பாலும் உருளைவகையைச் சேர்ந்தது. நீண்ட இறக்கத்தில் இடைவிடாது அழுத்தினால் உருளை சூடேறி, பிடிக்கும் ஆற்றல் குறையும். எனவே எந்தக் கியரில் மலையை ஏற வேண்டுமோ அந்தக் கியரிலேயே இறங்கி, எஞ்சினே வண்டியைத் தடுத்து வருமாறு விடவேண்டும் என்பது பழைய சாரதிகளின் விதி. இவ்விதி பழைய வண்டிக்கு மட்டும் உரியதன்று. 2023 ஜனவரியில் ரதெல்லக் குறுக்குப் பாதையின் இறக்கத்தில் நிகழ்ந்த பேருந்து விபத்திலே எழுவர் உயிரிழந்ததை மலைநாடு மறக்கவில்லை. இம்மலைகளிலே இறக்கத்தை மதியாமல் ஓட்டுவது எவருக்கும் தகாது. பழைய வண்டி அம்மதிப்பை நாள்தோறும் கற்பிக்கிறது.

மூன்றாவது, அறிவின் இன்பம். இன்றைய வண்டியின் மூடியைத் திறந்தால் பிளாஸ்ரிக் உறை ஒன்றே கண்ணுக்குப் படும். உள்ளே நிகழ்வதைக் கணினியே அறியும். பழைய வண்டியிலோ ஒவ்வோர் உறுப்பும் தன் தொழிலை வெளிப்படையாகக் காட்டி நிற்கும். தலவாக்கலை கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,200 மீற்றர் உயரத்தில் உள்ளது. நுவரெலியா ஏறக்குறைய 1,870 மீற்றர். உயரம் கூடக் கூடக் காற்று மெலியும். கொழும்பிலே முழு ஆற்றலோடு ஓடிய எஞ்சின் தலவாக்கலையிலே ஏறக்குறையப் பத்தில் ஒரு பங்கையும், நுவரெலியாவிலே ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கையும் இழக்கும். காற்று குறைந்த இடத்திலே பெற்றோல் முன்போலவே பாய்ந்தால் கலவை தடித்து, தீப்பொறிச் செருகியிலே கரி படியும். எம்.ஜீ. போன்ற வண்டிகளிலுள்ள எஸ்.யூ. காபரேற்றரின் அடியில் ஒரு சிறு சுரை உண்டு. அதனைச் சற்றே மேலே திருகினால் கலவை மெலிந்து எஞ்சின் தெளிவாக ஓடும். காபரேற்றர் இரண்டு இருப்பின், இறப்பர்க் குழாயின் ஒரு முனையைக் காதிலும் மறுமுனையை ஒவ்வொரு வாயிலும் வைத்து, காற்று உள்ளிழுபடும் சீறல் இரண்டிலும் ஒத்திருக்கிறதா எனக் கேட்டு நிதானிப்பர். வைத்தியர் நெஞ்சொலி கேட்பதற்கும் இதற்கும் அதிக வேற்றுமை இல்லை.

நீரின் செய்தியும் இத்தகையதே. தலவாக்கலையிலே நீர் ஏறக்குறைய 96 பாகையிலும் நுவரெலியாவிலே ஏறக்குறைய 94 பாகையிலும் கொதிக்கும். அக்கால வண்டிகள் பலவற்றின் நீர்த்தொட்டி அழுத்தமூடி இல்லாதது. ஆகவே நீண்ட ஏற்றத்தில் தொட்டி கொதித்து ஆவி பறப்பது எளிது. அனுபவமுள்ளவர், வெப்பமானியைப் பார்த்துக்கொண்டே ஏறி, ஓரிடத்தில் நிறுத்தி ஆறவிட்டு, போத்தலில் கொண்டுவந்த நீரை ஊற்றித் தொடர்வர். அந்தக் கால்மணி நேரத்தில் தேநீர்க் கடையும் மலைக்காட்சியும் துணையாகின்றன. பள்ளிக்கூடத்திலே படித்த பௌதிகம் இப்பாதையிலே கைக்கு எட்டும் பொருளாகிவிடுகிறது.

இவ்வளவு இன்பத்துக்கும் விலை உண்டு. அதனை மறைத்துப் பேசுதல் முறையன்று. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று இம்மலைச் சரிவுகளை நனைத்தெடுக்கும். மடக்குக் கூரை பெரும்பாலும் தடித்த துணியாலானது. தையலின் வழியாக நீர் கசியும். ஈரத்தோடு மடித்து வைத்தால் பூஞ்சணம் பிடித்துத் துணி இற்றுவிடும். எனவே காயவிட்டே மடித்தல் வேண்டும். எம்.ஜீ. ரீ.சீ. போன்றவற்றின் உடலிலே உருக்குத் தகட்டின் உள்ளே ஆஷ் மரச்சட்டம் உண்டு; வெளியே வண்ணம் பளபளக்க, உள்ளே மரம் உளுத்திருக்கக் கூடும். பின்வந்த வண்டிகளில் மரத்துக்குப் பதிலாகத் துரு அவ்வேலையைச் செய்யும். இருக்கைப் பட்டி இல்லை, காற்றுப்பை இல்லை, இரவில் விளக்கின் ஒளி மங்கல். மூடுபனியில் அதனை ஓட்டாதிருப்பதே அறிவுடைமை. குடும்பத்தின் ஒரே வண்டியாக இதனை வைத்திருக்க எண்ணுபவர் ஏமாற்றமடைவர்.

வாங்க நினைப்போர் சில செய்திகளைக் கருத்திற்கொள்ள வேண்டும். வண்ணத்தையும் தோலிருக்கையையும் கண்டு மயங்காமல், முதலில் அடிச்சட்டத்தையும் மரச்சட்டத்தையும் சோதித்தல் வேண்டும். எஞ்சினைத் திருத்துவது எளிது. இற்றுப்போன உடலை மீட்பது அரிது, செலவும் மிகுதி. அடுத்து, பதிவுப் புத்தகத்திலுள்ள எண்கள் அடிச்சட்டத்திலும் எஞ்சினிலும் உள்ளவற்றோடு ஒத்திருக்கின்றனவா என்று பார்த்தல் வேண்டும். மூன்றாவதாக, உரிய கருவிகள் வேண்டும். ரீ.சீ. வண்டியின் எஞ்சினிலே திருகாணியின் புரி மெட்ரிக் அளவிலும் அதன் தலை பிரித்தானிய விட்வேர்த் அளவிலும் இருக்கும். இன்றைய திறப்பான்கள் பொருந்தா. பொருந்தாத கருவியால் திருகித் தலையை வழுக்கச் செய்வதே பல நல்ல எஞ்சின்கள் பாழானதற்குக் காரணம்.

உதிரிப்பாகம் பற்றிய அச்சம் முன்போல் இல்லை. எம்.ஜீ., டிரயம்ப் முதலியவற்றின் பாகங்கள் இன்றும் இங்கிலாந்திலே புதிதாகச் செய்யப்படுகின்றன. தமிழகத்தோடும் இவ்வினத்துக்கு ஓர் உறவுண்டு. சென்னையிலே 1961 முதல் செய்யப்பட்ட ஸ்ராண்டர்ட் ஹெரால்ட் வண்டியும் ஸ்பிட்பயரும் ஒரு குடும்பத்தவை. டிரயம்ப் ஹெரால்டின் அடிச்சட்டத்தைக் குறுக்கியே ஸ்பிட்பயர் வடிவமைக்கப்பட்டது. இத்தகைய சிறு திறந்த வண்டியின் இன்பத்தை உலகம் மறந்துவிடவும் இல்லை. பிரித்தானிய ஆலைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்ட பின், யப்பானின் மஸ்டா நிறுவனம் 1989இல் அதே இலக்கணத்தோடு எம்.எக்ஸ்-5 என்னும் வண்டியை வெளியிட்டுப் பெருவெற்றி கண்டது.

பாகம் கிடைக்கலாம், அதனைப் பொருத்தும் கை கிடைக்குமா என்பதே இன்றைய கவலை. 1964ஆம் ஆண்டின் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தின் பின் மலைநாட்டிலிருந்து இலட்சக்கணக்கானோர் இந்தியாவுக்குக் கப்பலேறினர். கொழுந்தெடுத்தவரோடு சாரதிகளும் பட்டறைத் தொழிலாளரும் போயினர். 1975இல் கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையாயின; துரைமாரின் கராஜுகளும் அவற்றின் பழைய ஒழுங்கும் மாறின. எஞ்சிய முதிய திருத்துநர்கள் எழுதிவைத்த நூல் எதையும் விட்டுச்செல்வதில்லை. எவ்வளவு இறுக்க வேண்டும் என்பது அவர்தம் மணிக்கட்டிலும், எந்த ஓசை பிழையானது என்பது அவர்தம் செவியிலும் உள்ளது. அருகிலிருந்து பழகும் மாணாக்கன் இல்லாவிடில் அவ்வறிவு அவர்களோடு முடிந்துவிடும். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி மீண்டும் நிறுத்தப்பட்டு, தனியார் வண்டிகளுக்கு 2025 வரை அந்நிலை நீடித்தபோது, இருப்பதைத் திருத்தி ஓட்டும் திறனின் அருமையை நாடு மறுபடியும் உணர்ந்தது. அத்திறன் பழம்பொருட் பிரியர்களின் பொழுதுபோக்குக்கு மட்டும் உரியதன்று என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

ஆதலால் இத்தகைய வண்டியை வைத்திருப்போருக்கு ஒரு கடமை உண்டு. கராஜிலே போர்வையால் மூடி வைத்து, ஆண்டுக்கொருமுறை கண்காட்சிக்குக் கொண்டுசெல்வது அக்கடமையைத் தீர்க்காது. வண்டி ஓட வேண்டும். ஓடும் வண்டியே பழுதுபடும். பழுதுபடும் வண்டியே திருத்துநரை உண்டாக்கும். லயத்திலிருந்து பட்டறைக்கு வரும் இளைஞன் ஒருவனிடம் அந்த இறப்பர்க் குழாயைக் கொடுத்து, “கேட்டுப் பார்” என்று சொல்வதற்கு ஒரு வண்டி வேண்டும். இரண்டு காபரேற்றர்களின் சீறலும் ஒன்றாவதை அவன் முதன்முறை கேட்கும்போது, ஒருகாலத்திலே அவனுடைய முன்னோர் ஒதுங்கி நின்று வழிவிட்ட பொறி அவன் சொற்கேட்டு இயங்கத் தொடங்குகிறது. பதிவுப் புத்தகத்திலே எவர் பெயர் இருப்பினும், அவ்வேளையில் அவ்வண்டியின் உரிமையிலே அவனுக்கும் ஒரு பங்கு வந்துவிடுகிறது.